பக்கத்து சீட்

"பெரியவரே, சீட் காலியாத்தான இருக்குது? வழிய மறிச்சிக்கினு நிக்கிறீங்களே!"

கண்டக்டர் சத்தம் போட்டும் பெரியதம்பி அசையவில்லை. மற்ற சீட்டெல்லாம் நிறைந்திருந்த பஸ்ஸில், திண்டிவனத்திலிருந்தே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

காலியாக இருந்தது சகாயராஜின் பக்கத்து சீட். இருவருக்கும் ஒரே ஊர்தான். பெரியதம்பிக்கு ஊர்த்தெரு, சகாயராஜுக்குக் காலனி.

"உக்காருங்கய்யா," என்று சகாயராஜ் இன்னும் நகர்ந்து இடம் விட்டான்.

"வேணாம்ப்பா."

"எவ்ளோ தூரம் நின்னுக்கினே வருவீங்க?"

"வேணாம்னா விடேன்!"

பின் சீட்டிலிருந்த தேவநாதன், பெரியதம்பியின் பங்காளி. "கண்டவங்க பக்கத்துல உக்கார்ற ஆளா அவரு? போயும் போயும் அவரக் கூப்புடுறியே!" என்றார் பெருமையாக.

இரண்டு பேர் சிரித்தார்கள். பெரியதம்பி கம்பியை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

சகாயராஜுக்கு முகம் சுண்டிப் போயிற்று. படித்து நர்ஸ் வேலைக்கு வந்து என்ன பிரயோஜனம்? முண்டியம்பாக்கத்தில் இறங்கியவன், திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குள் போய்விட்டான்.

மதியம் டாக்டர் அறைக்குள் பெரியதம்பி தனியாக வந்தார். அங்கே சகாயராஜைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தார். வலி விடவில்லை.

டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார்.

"வயித்துல இருந்த கேன்சர் மலக்குடலுக்கும் பரவியிருக்குங்க. உக்காரவே முடியாதே?"

"முடியலைங்க."

"வீட்ல யாரும் வரலியா?"

"வீட்ல சொல்லலைங்க. ரெண்டு வாய் கஞ்சியக்கூட நின்னுக்கினுதான் குடிக்கிறேன். ஏன்னு ஒருத்தரும் கேக்கல."

டாக்டர் அடுத்த அறைக்குப் போனதும், சகாயராஜ் அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து ஒருக்களித்துப் படுக்க வைத்தான்.

"காலைலயே இங்க எறங்கலியாய்யா?"

"தேவநாதன் இருந்தானே. விழுப்புரம் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன்."

"இந்த வலியோடவா? உடம்பு முடியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே! அத்தன பேரும் உங்கள ஜாதி பாக்குறவர்னு நெனச்சிட்டாங்களே."

பெரியதம்பி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நெனைக்கட்டும் தம்பி. ஜாதி பாக்குறேன்னா ஊர்ல எவனும் என்னப் பாத்து சிரிக்க மாட்டான். நோவு எங்கன்னு தெரிஞ்சாத்தான் சிரிப்பான்."