ஒரு கைப்பிடி உரம்

ஊட்டிக்குப் போய்வந்த நாளிலிருந்து சாயப்பட்டறை சிவராஜுக்குப் புத்தி பிசகிவிட்டது. வாலாஜாபாத் சாலையில் புதிதாகக் கட்டிய பங்களாவுக்கு தூஜா வேலிதான் வேண்டும் என்று நின்றார். ஊசியிலை இனத்துச் செடி, வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கும், குளிர்ந்த ஊருக்கானது. காஞ்சிபுரத்து வெயிலில் மனிதனே வதங்குகிறான். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவர் வேலி வைத்தார்.

அதையாவது தன் மனையில் வைத்தாரா? பக்கத்து வீட்டு ரேணுகாம்பாளின் மனைக்குள் இரண்டடி தள்ளி வைத்தார். எல்லைக்கல் செடிகளுக்குள் காணாமல் போனது. கூடவே, ரேணுகாம்பாளின் மாடு பின்பக்கக் கொட்டகைக்குப் போகிற வழியும் போனது. இரண்டு வருஷமாக அந்தம்மாள் மாட்டை நடுக்கூடம் வழியாக, டி.வி.க்கும் கட்டிலுக்கும் நடுவே ஓட்டிக்கொண்டு போகிறாள். எவ்வளவு அக்கிரமம் பாருங்கள்!

அளக்க வந்த சர்வேயர், கல் தெரியவில்லை, செடியைக் கொஞ்சம் விலக்குங்கள் என்றார்.

"ஒரு இலை மேல கை வெச்சாலும் கேஸ் போடுவேன்" என்று குதித்தார் சிவராஜ். சர்வேயர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு நடையைக் கட்டினார்.

இந்தச் சித்திரையில் தூஜா காய ஆரம்பித்தது. முதலில் நுனி, பிறகு கிளை. வைகாசி பிறப்பதற்குள் வேலி முழுக்க துருப்பிடித்த நிறம்.

சிவராஜுக்குச் சந்தேகமே இல்லை. வேலி செத்தால் யாருக்கு லாபம்? தினமும் விடிந்ததும் வேலியோரம் வந்து நின்று, இலையை உருவிப் பார்த்துவிட்டுப் போவது யார்? போதாததற்கு, போன வாரம் ரேணுகாம்பாள் ஏதோ ஒரு பாட்டில் வாங்கி முந்தானையில் மறைத்துக்கொண்டு பஸ் ஏறியதாக வாலாஜாபாத் உரக்கடையில் கேள்விப்பட்டார்.

உடனே போலீசுக்குப் புகார் போனது. வேரில் இருக்கும் விஷத்தைக் காட்டுவதற்காக, ஆள் வைத்து நாற்பது செடிகளையும் பிடுங்கி வரிசையாகப் படுக்க வைத்திருந்தார். பெரிய துப்பறிவாளர்!

சப்-இன்ஸ்பெக்டர் சந்தியா வந்து இறங்கினார்.

"கொலை மேடம் இது. வேரெல்லாம் வெந்துபோய் கெடக்குது பாருங்க. அந்தக் கெழவிய உள்ள தள்ளுங்க."

ரேணுகாம்பாளுக்கு அறுபத்திரண்டு வயது. போலீஸ் வாசலை மிதித்தவள் இல்லை. மாட்டின் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாட்டில்ல இன்னாமா இருந்தது?" என்று கேட்டார் சந்தியா.

"வேப்பெண்ணெய்மா. மாட்டுக்கு உண்ணி."

சந்தியா பாட்டிலை வாங்கி முகர்ந்து பார்த்தார். வேப்பெண்ணெய்தான்.

"எல்லாம் நடிப்பு மேடம். என் கேமராவுல பேச்சு உள்பட பதிவாகி இருக்குது" என்று சிவராஜ் செல்போனை நீட்டினார்.

"நீங்க பாத்தீங்களா?"

"எதுக்கு? அவதான்னு எனக்குத்தான் தெரியுமே."

செல்போனில் ரேணுகாம்பாள் வேலியோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"சிவராஜு, இத்தினி யூரியா வேணாம்பா. செடிக்கு ஒரு கைப்பிடி மக்குன எரு போதும். தண்டுகிட்ட கொட்டாத, தள்ளிப் போடு. போட்றதுக்கு முன்னாடியும் தண்ணி வுடு, அப்பறமும் வுடு. கத்திரி வெயில்ல உரமே போடாத."

"சாணி அள்றவ எனக்குச் சொல்ல வந்துட்டா! பட்டறையில கலர் ஏறலைன்னா இன்னொரு பிடி பொடி போடுவோம். இங்க பச்சை ஏறலைன்னா இன்னொரு பிடி யூரியா. அவ்ளோதான்."

மறுநாள் பதிவிலும் அதே பேச்சுதான். அதற்கு மறுநாளும். இலை மஞ்சளாக மஞ்சளாக, நிறம் போதவில்லை என்று பிடி போய்ப் படியானது, படி போய் வாளியானது. கடைசியில் உச்சி வெயிலில், காய்ந்த மண்ணில், வேருக்கு மேலே மூட்டையையே கவிழ்த்துக்கொண்டிருந்தார் சிவராஜ். பட்டு நூலுக்கும் உயிருள்ள செடிக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன்.

சந்தியா செல்போனைத் திருப்பிக் கொடுத்தார். "கொலைகாரரைக் கண்டுபிடிச்சாச்சு சார். புகார்ல பேரை மட்டும் மாத்தி எழுதிக் குடுங்க."

சிவராஜ் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். செடி பிடுங்கிய பள்ளத்தில் எல்லைக்கல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. அதைத் தன் செல்போனில் படம் எடுத்து சர்வேயருக்கு அனுப்பினார் சந்தியா. நாளைக்குக் காலையில் வருவதாகப் பதில் வந்தது.

ஜீப்பில் ஏறப்போனவர் நின்று திரும்பினார்.

"உங்க எடத்த அமுக்கினவருக்குப் போய் இவ்ளோ நல்ல புத்தி சொல்லியிருக்கீங்களேமா! அவரு கேட்டு செடி பொழச்சிருந்தா உங்களுக்குத்தானே நஷ்டம்?"

ரேணுகாம்பாள் மாட்டின் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

"நான் ஒண்ணு சொன்னா அவன் நேர்மாறாத்தான் செய்வான்மா. அந்த நம்பிக்கையிலதான் தெனமும் வந்து சொன்னேன்."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நடுவுல ஒரே ஒரு நாளு மட்டும் வாளியக் கீழ வெச்சுட்டு யோசிச்சுக்கினு நின்னான், எங்க நான் சொல்றதக் கேட்டுடுவானோன்னு அன்னிக்குத்தான்மா எனக்கு வயித்துல புளியக் கரைச்சுது!"