எட்டுப் பேர் கோரஸ்

"எட்டு பொண்ணுங்களையும் எங்கன வே ஒளிச்சு வச்சிருக்கீரு?"

சிலுவை அண்ணாச்சி குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். வயர்களும் ஒரு பழைய டேப்ரிக்கார்டரும்தான் கிடந்தன. தான் சொன்னதற்குத் தானே சிரித்துக்கொண்டார். குமரகுருபரன் சிரிக்கவில்லை.

பாளையங்கோட்டையில் அவன் வீட்டு முன்னறைதான் ஸ்டுடியோ. ஒரு பென்டியம் கம்ப்யூட்டர், ஒரு கீபோர்டு, இரண்டு ஸ்பீக்கர். கடற்கரை ஊர் ஒன்றில் அண்ணாச்சிக்கு மூன்று மீன்பிடி போட்டுகள் ஓடின. கோயில் பாட்டுக் குழுவுக்கும் அவர்தான் பொறுப்பு. யாரோ குமரகுருபரன் பெயரைச் சொல்ல, திருநாளுக்கு ஒரு மாதா பாட்டு கேசட் போட வேண்டும் என்று போனில் பேசியிருந்தார். இருவரும் நேரில் பார்ப்பது இன்றுதான்.

மெட்டு குமரகுருபரனுடையது. வரிகளை அண்ணாச்சியே பாடுவதாக ஏற்பாடு. அவன் பாட்டை மறுபடி ஓடவிட்டான். முதலில் அலை. பிறகு மணி, வயலின். அதற்கும் பின்னாலிருந்து எட்டுப் பெண்களின் கோரஸ் மெல்ல எழுந்து வந்தது. சொல் எதுவும் கிடையாது. 'ஆ' மட்டும்.

அண்ணாச்சி கண்ணை மூடிக் கேட்டார்.

"வயலின் யாரு வே?"

"கம்ப்யூட்டர்."

"மணி?"

"அதுவும்தான்."

"புல்லாங்குழலாவது மனுசன் ஊதினதா?"

"இல்ல அண்ணாச்சி."

"வெளங்கிரும். அப்போ பாடுதவளுவளும் பொம்மைதானா?"

"இல்ல. அது பொண்ணு."

கடையிலிருந்து டீ வாங்கி வைத்திருந்த ஃபிளாஸ்கைத் திறந்து ஒரு டம்ளரில் ஊற்றி அவரிடம் நீட்டினான்.

"நல்லாத்தான் பாடுதாளுவ. ஒரு சந்தேகம் மட்டும் இருக்கு" என்றார் அண்ணாச்சி. "எட்டு பேரும் ஒண்ணு போல மூச்சு இழுக்காளுவளே, அது எப்படி? எங்க ஊர்க்காரிக ஆளுக்கு ஒரு இடத்துல இழுப்பாளுவ. கேட்டா மீன் மார்க்கெட் மாதிரி இருக்கும்."

அவன் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, அது கெடக்கட்டும். திருநாளுக்கு இவளுவ மேடையில வந்து பாடணும். கமிட்டியில பேசி முடிச்சாச்சு."

"வர முடியாது அண்ணாச்சி."

"வேன் அனுப்புதேன். சாப்பாட்டுக்கு யோசிக்காளுவளா? சைவம்னா தனியா சாம்பார் வைக்கச் சொல்லுதேன்."

"அதுக்கில்ல."

அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்தார். "அப்போ ஒண்ணு செய்யும். இந்தக் கோரஸ அழிச்சிரும். எங்க கோயில் குழுவுல பாடுத ஜெபராணி கூட நாலு பிள்ளைகள அனுப்புதேன். அவளுவ பாடட்டும். மூச்சு முன்னப்பின்ன இருந்தாலும், கண்ணுக்குத் தெரியுத பிள்ளைக."

குமரகுருபரனின் கை மவுஸ் மேல் இருந்தது. அதை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"அத மட்டும் அழிக்கச் சொல்லாதீங்க அண்ணாச்சி. வேற எத வேணும்னாலும் மாத்தித் தாரேன். மெட்டையே மாத்துதேன். அது இருக்கட்டும்."

அவர் வந்ததிலிருந்து அவன் இவ்வளவு பேசியது இப்போதுதான். அண்ணாச்சி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன வே, எட்டுல எவ மேலயாவது கண்ணா?"

"எட்டு பேரு இல்ல. ஒருத்திதான்."

"ஒருத்தியா?"

"ஒரு குரல உள்ள போட்டா எந்தச் சுரத்துக்கும் ஏத்தலாம், இறக்கலாம். அதையே நீட்டி, எட்டா அடுக்கியிருக்கேன்."

"யாரு அது?"

"என் வீட்டுக்காரி."

அண்ணாச்சி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். டீ டம்ளர் ஆடியது. "அடப் பாவி மனுசா! வீட்டுக்குள்ள பாட்டுக்காரிய வச்சுக்கிட்டா வர முடியாதுங்கீரு? பொண்டாட்டிய மேடை ஏத்த மனசில்ல, அதானே?"

அவன் கட்டிலுக்கு அடியில் பார்த்தான்.

"கூப்பிடும் அவள. நானே கேக்குதேன். வாரேன்னு அவ வாயால சொல்லிட்டா கோரஸ் இருக்கட்டும். கமிட்டிக்கு நான் பொறுப்பு. மாட்டேன்னு சொன்னா அழிச்சிரணும். சரிதானா?"

குமரகுருபரன் எழுந்தான். கட்டிலுக்கு அடியில் கிடந்த டேப்ரிக்கார்டரை இழுத்து மேசை மேல் வைத்து, பட்டனை அழுத்தினான்.

கொஞ்ச நேரம் இரைச்சல். தூரத்தில் கடுகு வெடிக்கும் சத்தம். பிறகு அவனுடைய குரலே கேட்டது. இப்போது இருப்பதைவிட உற்சாகமான குரல்.

"லேகா! புது மைக் சரியா எடுக்குதான்னு பாக்கணும். இங்கன வந்து ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போ."

ஒரு சின்ன மூச்சு. "ஆ... இந்தா வாரேன்."

டக். கேசட்டின் அந்தப் பக்கம் அதோடு முடிந்துவிட்டது.

"அதே மூச்சு!" என்றார் அண்ணாச்சி. "அவதான் வாரேங்காளே, பொறவு என்ன? ஜெயிச்சிட்டீரு வே. சரி, டேப்பு எதுக்கு? ஆளக் கூப்பிடும்."

சொல்லிக்கொண்டே அடுப்படிப் பக்கம் திரும்பினார். அந்தக் கதவு வெளிப்பக்கமாகக் கொண்டி போட்டிருந்தது. கொண்டி மேல் ஒட்டடை.

குமரகுருபரன் கேசட்டைப் பின்னுக்கு ஓட்டினான்.

"அவ குரல்ல மிச்சம் இருக்கது இவ்வளவுதான் அண்ணாச்சி."