மடாசிக்!

"மடாசிக்! பிகிட்டி! மடாசிக்!"

தம்புசாமி போட்ட சத்தத்தில் கிள்ளான் பாசாரே திரும்பிப் பார்த்தது.

ஸ்டானிஸ்லாஸ் குடையை மடக்கிக்கொண்டு ஓடி வந்தார். அவர்தான் பாசார் கிராணி. யாருக்கு எந்த இடம், யார் கடை இருக்கும், யார் கடை போகும் என்பதெல்லாம் அவர் சொல்கிறபடிதான்.

போன வாரம்தான் தம்புசாமியைக் கூப்பிட்டுக் கண்டித்திருந்தார்.

"யார் விலையைக் குறைச்சுக் கேட்டாலும் 'அடப்பாவி'ன்னு கத்துறே. நேத்து ஸ்டேஷன் மாஸ்டர் சம்சாரம் அழுதுகிட்டே போனாங்க. இன்னொருத்தர் வந்து புகார் சொல்லட்டும், உன் தேங்காயையும் எலுமிச்சையையும் மூட்டை கட்டிக்கிட்டுக் கிளம்பவேண்டியதுதான்."

"வாயைத் தச்சுக்கிறேன் கிராணியாரே" என்று தலையை ஆட்டிவிட்டுப் போனவன்தான்.

தைத்த லட்சணம் இது!

கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். கடைக்கு எதிரே ஒரு கறுப்பு மாலுமி நின்றிருந்தார். ஆறடிக்குக் குறையாத ஆள். கையில் ஒற்றை எலுமிச்சம்பழம். கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது.

தம்புசாமியோ அந்த முகத்துக்கு நேரே கையை ஆட்டி, "மடாசிக்!" என்று இன்னொரு தரம் அலறினான்.

"நிறுத்துய்யா!"

பக்கத்துக் கீரைக் கடை வீரம்மா எழுந்து வந்தாள். "நல்லாக் கேளுங்க கிராணியாரே. அந்த ஆளு பாவம், சும்மாத்தான் வந்து நின்னாரு. இவருதான் வலியப் போய் வம்புக்கு இழுத்தாரு. அதுவும் அவங்க பாஷையிலேயே திட்டுறாரு!"

"அவங்க பாஷை உனக்கு எப்படிய்யா தெரியும்?"

"எல்லாம் காதுல விழுந்ததுதான்." தம்புசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு, அடுக்கியிருந்த பழங்களையே மறுபடி அடுக்கினான்.

"இவ்வளவு பெரிய ஆம்பளையை நடு பாசார்ல அழ வெச்சிருக்கியே, நீ மனுசனா?"

"என்னை ஏன் கேக்குறீங்க? அவருக்கு வாய் இருக்கில்ல, அவரையே கேளுங்க. அவர் புகார் சொன்னா நான் கடையைக் கட்டுறேன்."

வீம்பாகத்தான் சொன்னான். ஆனால் கை தானாகப் போய்க் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டது. கூலியாக வந்து, தலைச்சுமையாக விற்று, அடிபட்டு மிதிபட்டுப் பிடித்த இடம் அது.

ஸ்டானிஸ்லாஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷை வெளியே எடுத்தார்.

"மன்னிக்கவேண்டும் ஐயா. இந்த ஆள் உங்களைக் கேவலமாகத் திட்டினானா? ஒரு வார்த்தை சொல்லுங்கள். இப்போதே இவனை வெளியேற்றுகிறேன்."

மாலுமி சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரும் பேசியது இங்கிலீஷ்தான். ஆனால் பாதி வார்த்தையை விழுங்கி, மீதியை இழுத்து, பாட்டு மாதிரி பேசினார். ஸ்டானிஸ்லாஸ் இரண்டு தடவை கேட்டுத்தான் புரிந்துகொண்டார்.

"திட்டினாரா? இவரா? 'மடாசிக்' திட்டு இல்லை ஐயா. எங்கள் பஹாமாஸ் தீவில் திடுக்கிட்டுப் போனால் வாயில் அதுதான் வரும். இவர் சொல்லுகிற விலையைக் கேட்டால் உங்களுக்கும் வரும்."

"அப்போ 'பிகிட்டி'?"

"வாய்த்துடுக்குக்காரன். அது எனக்கில்லை, இவருக்குத்தான் பொருந்தும்."

"பிறகு ஏன் அழுகிறீர்கள்?"

மாலுமி கையிலிருந்த பழத்தை உருட்டினார்.

"கப்பலில் எங்கள் ஊர்க்காரன் ஒருவன் இருந்தான். பெர்சி என்று பேர். எங்கள் ஊர்ப் பேச்சைப் பேச அவனுக்கு நான், எனக்கு அவன். வருகிற வழியில் காய்ச்சல் கண்டான். கடலிலேயே அடக்கம் செய்துவிட்டோம். இனி இந்த வார்த்தைகளை யார் வாயிலும் கேட்கமாட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்."

ஸ்டானிஸ்லாஸ் தம்புசாமி பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது.

"இவரோட கூட்டாளி செத்துப்போயிட்டாராம். உனக்கு முன்னாலேயே தெரியுமா?"

"தெரியாதுங்க. கப்பல் வர்றப்பல்லாம் ரெண்டு பேராத்தான் வருவாங்க. நான் விலை சொன்னதும் இவரைவிட நெட்டையான அந்த ஆளு 'மடாசிக்'னு துள்ளுவாரு. இவரு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பாரு. இன்னிக்கு இவரு மட்டும் வந்தாரு. விலை கேக்கல. பழத்தை எடுத்து வெச்சுக்கிட்டுச் சிலையாட்டம் நின்னாரு. சங்கதி என்னன்னு புரிஞ்சுபோச்சு."

"அதுக்குச் சண்டையா போடுவே?"

"ஆறுதல் சொல்ற வாயா கிராணியாரே இது? இதுக்குத் தெரிஞ்சது சண்டை ஒண்ணுதான். அதையே அந்த நெட்டையனோட வார்த்தையில போட்டேன்."

ஸ்டானிஸ்லாஸ் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கையை ஓங்கினார்.

"என்ன வேடிக்கை இங்கே? வியாபாரம் பேசுறாங்க, தெரியல? போங்க, போங்க!"

மாலுமி எலுமிச்சம்பழத்தைத் தூக்கிக் காட்டி, என்ன விலை என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். தம்புசாமி விரலைக் காட்டினான். வழக்கத்தைவிட இரண்டு விரல் கூட.

குடையை விரித்துக்கொண்டு பத்தடி நடந்திருப்பார் ஸ்டானிஸ்லாஸ். முதுகுக்குப் பின்னால் இடி மாதிரி ஒரு குரல் கிளம்பியது.

"அடப்பாவி!"

கத்தியது தம்புசாமி இல்லை.