நகல் தேர்ந்தெடுத்த பம்ப்

எந்த ஆலைக்கு எந்த பம்ப் பொருந்தும் என்று கணக்கிட்டுச் சொல்வது கோதைநாயகியின் வேலை. போன வருடம் அவளுடைய பம்ப் கம்பெனி அவளுடைய அறிவையும் குரலையும் கணினியில் நகலெடுத்து, வாடிக்கையாளர்களின் போனில் போட்டுவிட்டது. அதன்பின் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். சர்க்கரை ஆலையில் இயந்திரம் பொருத்தும் பிட்டரான அவள் கணவன் மாசிலாமணியும் அந்த நகலிடமே சந்தேகம் கேட்டு, சிரித்துச் சிரித்துப் பேசியதைத்தான் தாங்க முடியவில்லை.

“நான் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன். என்கிட்ட கேட்டா என்னங்க?”

“நீ எரிஞ்சு விழுவ. அது பொறுமையா சொல்லுது.”

அவன் குளிக்கப் போனதும், அவன் ஆலைக்காக நகல் தேர்ந்தெடுத்திருந்த பம்பின் கணக்கை அவன் போனில் வரிவரியாகச் சோதித்தாள். ஒரு பிழை அகப்பட்டது. மார்கழிக் குளிரில் சர்க்கரைப் பாகு கெட்டியாகிவிடும்; அந்தச் சின்ன மோட்டார் தாங்காமல் எரிந்துபோகும். எரியட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை மாசிலாமணி சொன்னான்: “இன்னைக்கு அந்த பம்பை ஓட்டிப் பாக்கறோம். நான்தான் பக்கத்துல நிக்கணும்.”

அவள் வாசலை மறித்து நின்றாள்.

“ஓட்டாதீங்க! குளிருக்குப் பாகு கெட்டியாயிருக்கும், மோட்டார் எரிஞ்சுடும். பெரிய மோட்டார் போடணும்.”

அவன் பதில் சொல்வதற்குள், அவன் சட்டைப் பையிலிருந்த போனில் அவள் குரலே பேசியது: “ரொம்ப நன்றிங்க. இனிமே இதையும் ஞாபகம் வெச்சுக்கறேன்.”

“பாத்தியா, என்ன பணிவு!” என்றான் மாசிலாமணி.