உள்ளங்கை மேலே

"உள்ளங்கைய மேல திருப்புங்கம்மா," என்றார் டாக்டர் ஃபுசேனி.

வலது கையை மேசைமேல் வைத்திருந்தேன். மணிக்கட்டின் உட்புறம் தையல் தடம். அதற்கடியில் ஒரு தகடு, ஏழு திருகுகள்.

மாவுக்கட்டே போதும் என்றுதான் முதலில் சொன்னார்கள். எலும்பு கூடிவிடும், மணிக்கட்டு மட்டும் பழையபடி திரும்பாதாம்.

எனக்குத் திரும்ப வேண்டும். எங்கள் அடோவா ஆட்டத்தில் கைதான் பேசும். கை உடைந்ததிலிருந்து பதினோராவது வாரம் சனிக்கிழமைக்கு நாள் குறித்திருந்தோம். அன்று நான் ஆடியாக வேண்டும். அறுத்துத் தகடு வையுங்கள் என்றேன்.

வீட்டில் ஃபுஃபு இடிக்கும்போது என் வீட்டுக்காரர் அசாமோவா உலக்கை போடுவார். நான் உரலுக்குள் கைவிட்டு, வெந்த மரவள்ளியையும் வாழைக்காயையும் புரட்டிக் கொடுப்பேன். இருபத்தாறு வருடம். உலக்கையை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டேன். அன்று அது ஒரு மூச்சு முந்தி விழுந்தது.

கைப்பயிற்சிக்கு வரும் அக்யா அக்காவுக்கு இவ்வளவுதான் சொல்லியிருந்தேன். ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே சீண்டுவாள்.

"ஏன்டி, உலக்கையப் போடுறப்ப உன் வீட்டுக்காரர் எவளப் பாத்துக்கிட்டிருந்தாராம்?"

"என்னையத்தான்க்கா."

அறையே சிரிக்கும்.

திருப்பினேன். போன வாரம் நின்ற இடத்திலேயே நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன். உள்ளே ஏதோ இளகியது. உள்ளங்கை முழுசாகக் கூரையைப் பார்த்தது.

டாக்டர் அந்தக் கையையே பிடித்துக் குலுக்கினார். எங்கள் வழக்கப்படி, விடுவிக்கும்போது இருவர் விரலும் சேர்ந்து சொடுக்கின. சத்தம் வராந்தா வரை கேட்டிருக்கும்.

சனிக்கிழமை முரசு தொடங்கியதும் சிவப்பும் கறுப்பும் உடுத்தி நடுவில் இறங்கினேன். ஏந்தினேன், சுழற்றினேன், மடக்கி விரித்தேன். மணிக்கட்டு ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து, என் தலைக்குமேல் இரண்டு விரல் நீட்டிப் பாராட்டினார்கள்.

எங்கள் வழக்கப்படி ஆடி வழியனுப்பும் அளவுக்கு என் கை தேறும்வரை அடக்கம் வேண்டாம் என்று அவர்களிடம் கெஞ்சியவள் நான்தான்.

உலக்கை கையிலிருக்க நெஞ்சு நின்று சரிந்த அசாமோவா, எதற்கும் ஐந்து நிமிடம் பொறுக்காத மனிதர், பிணவறைக் குளிரில் பதினோரு வாரம் எனக்காகக் காத்திருந்தார்.