பாசி தேய்க்கும் ஞாயிறு

மண்டபம் கடற்கரையிலிருந்து சடகோபன் ஈரச் சாக்கில் சுற்றி ரயிலில் கொண்டுவந்த கடற்பாறை, கண்ணாடித் தொட்டியின் உப்புநீரில் உயிரோடு இருந்தது. ஏதேதோ முளைக்கும், தேய்த்துவிட வேண்டும் என்று விற்றவன் சொல்லியிருந்தான். சடகோபனும் ஞாயிறுதோறும் பழைய பிரஷால் பாசியைத் தேய்த்தெடுப்பான்.

ஆடிக் கிருத்திகைக்கு மலையில் மொட்டை போட்டுக்கொண்ட மனைவி சின்னம்மாளுக்குத் தை பிறந்தும் முடி முளைக்கவில்லை.

அந்த ஞாயிறு, பாறையின் பொந்திலிருந்து முழ நீளத்துக்குக் கறுப்பாக ஏதோ வளர்ந்திருந்தது. விரலில் சுற்றி இழுத்தான்.

“ஐயோ, இங்க வாங்களேன்! யாரோ எம்முடியப் புடிச்சி இழுத்துகினு இருக்கறாங்க!”

சமையலறையில் சின்னம்மாள் வழுவழுப்பான தலையைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

சடகோபன் சட்டென்று விரலை உருவிக்கொண்டான். அலறல் நிற்கவில்லை. முடி அங்குலம் அங்குலமாகப் பொந்துக்குள் போய்க்கொண்டிருந்தது.