பதினேழாம் எண்

இணைப்புகளைப் படம்பிடித்துச் சோதிக்கும் கருவி மறுபடியும் சிவப்பு காட்டியது.

தொலேகென் குனிந்து, தான் பற்றவைத்த பிளாஸ்டிக் குழாயின் இணைப்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினார். புடைத்திருந்த மடிப்பு எங்கும் ஒரே பருமன். பக்கத்தில் வெள்ளை மையில் அவருடைய எண்: 17.

இன்றைக்கு இது இரண்டாவது. மூன்றாவது சிவப்பு விழுந்தால் எண்ணைப் பறித்துவிடுவார்கள். எண் இல்லாதவனுக்கு எரிவாயுக் குழாய் வேலையில் பள்ளம் தோண்டத்தான் இடம்.

"அதுக்கு ஒரு கண்ணாடி வாங்கி மாட்டுங்கப்பா," என்றார்.

மேஸ்திரி மராட் சிரிக்கவில்லை.

என் இணைப்பு பச்சை வாங்கியிருந்தது. குழாய் முனையை உருக்கும் தகடு சரியாகச் சூடேறும் முன்பே, வீசுகிற காற்றில், அவசரமாக அழுத்தியது. என் எண் 22.

மூன்றாவது இணைப்புக்கு அவர் காற்றுத் தடுப்புக் கூடாரத் துணியின் ஓரமெல்லாம் கல் வைத்து அடைத்தார். பற்றவைத்தார். முழுதாக ஆறும்வரை குழாயைத் தொடவிடவில்லை. பிறகு பேனாவின் மூடியைத் திறந்தார்.

"அண்ணே, என் நம்பரை எழுதிடுங்க," என்றேன்.

"நான் பெத்த புள்ளைக்கு உன் இனிஷியலாடா?"

17 எழுதினார். சிவப்பு.

தேநீர் குடிக்க வண்டிக்குப் போனார். எண்ணெயில் பொரித்த பவுர்சாக் ரொட்டியை எடுத்தார், தின்னவில்லை.

நான் ஸ்பிரிட் துணியால் 17-ஐத் துடைத்தேன். 22 எழுதி, கருவியைப் பிடித்தேன்.

பச்சை.

மராட் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அழிச்சுட்டு அவரு நம்பரையே எழுதுடா. கருவி தப்பாச் சொல்லுதுன்னா, பச்சை வாங்கிப் புதைச்சது அத்தனையையும் தோண்டணும். நீ தோண்டுவியா?"

எழுதினேன்.

வசந்தத்தில் அல்மாட்டி நகரத்திலிருந்து வந்த கருவிக் கம்பெனிக்காரர்கள், கருவிக்குப் பாடம் சொல்லக் கெட்டுப்போன இணைப்புகள் கேட்டார்கள். எத்தனை விதமாகக் கெடுக்கலாம் என்று தெரிந்தவர் தொலேகென்தான். மண் தூவி, கோணலாக வைத்து, சூடு பத்தாமல் அழுத்தி, ஒரு வண்டி நிறையச் செய்துகொடுத்தார். கைப்பழக்கத்தில் ஒவ்வொன்றிலும் தன் எண்ணை எழுதினார்.

சாயங்காலம் மூன்று இணைப்புகளையும் வெட்டியெடுத்தோம். சிவப்பு வாங்கியதைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். கருவி அதிலிருந்து இன்னும் கற்றுக்கொள்ளுமாம்.

எண் தெளிவாகத் தெரியும்படி தொலேகென் ஒவ்வொன்றையும் திருப்பிப் பிடித்தார்.

நான் படமெடுத்தேன்.